வெறும் வயிற்றில் இரண்டு வாய்

"தாத்தா, டவராவைக் கொஞ்சம் சாய்."

காலை ஆறு பத்து இருக்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடி. சாமுண்டி மலை இன்னும் பனிக்குள் இருந்தது. துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி. எதிரே ஸ்வெட்டரின் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு, என் டவராவையே பார்த்தபடி குந்தியிருந்தவள் என் பேத்தி வேதா. அப்போது அவளுக்கு எட்டு வயது.

சாய்த்தேன். இரண்டு வாய் குடித்தாள். மேலுதட்டில் நுரை மீசை முளைத்தது. என் துண்டின் நுனியால் துடைத்துவிட்டேன். பூவாளித் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். துளசியில் இரண்டு இலை கிள்ளி மென்றாள். பிறகு என் மூக்குக்கு நேரே வந்து 'ஹா' என்று ஊதினாள்.

"வாசனை வரதா?"

"துளசிதான் வரது."

"அப்ப சரி."

கீழே சமையலறையிலிருந்து என் மருமகள் பத்மா குரல் கொடுத்தாள். "வேதா! மாத்திரை போட்டுண்டாச்சு. ஏழு மணி வரைக்கும் தண்ணியைத் தவிர ஒண்ணும் கூடாது. ஞாபகம் இருக்கோல்யோ?"

"இருக்கும்மா!"

"நான் பார்த்துக்கறேம்மா," என்று நானும் குரல் கொடுத்தேன். கையில் காலி டவரா.

ஒரு வாசகியின் கேள்வி

சென்ற வாரம் கல்லூரி ஆய்வகத்தில் என் மீசையை நானே பொசுக்கிக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐயா, நீங்கள் எழுதும் தவறுகள் எல்லாம் சிரிக்கும்படியாகவே இருக்கின்றன. நிஜமான தவறு ஒன்றும் செய்யவில்லையா?"

அம்மணி, செய்திருக்கிறேன். அதுவும் முதலில் சிரிக்கும்படியாகத்தான் இருந்தது.

எழுதுவதற்கு முன் பத்மாவிடம் அனுமதி கேட்டேன். மருமகள்தான், ஆனால் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "எழுதுங்கோப்பா," என்றாள். "ஆனா துளசியையும் எழுதணும். அதை விட்டுட்டு எழுதினேள்னா நானே பத்திரிகைக்கு லெட்டர் போடுவேன்."

துளசியை முதலிலேயே எழுதிவிட்டேன். மேலே போகலாம்.

குதிகாலில் ஒரு சொட்டு

வேதா பிறந்தபோது அவளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. நிறைய முடி, பெரிய கண். ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்வதுபோல குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். 'பச்சைக் குழந்தையைக் குத்துகிறார்களே' என்று நான் முணுமுணுத்தேன். குழந்தையே முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் தொலைபேசி வந்தது. உடனே அழைத்து வரச் சொன்னார்கள். குழந்தையின் தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. உடம்பு வளரவும் மூளை வளரவும் வேண்டிய சுரப்பு அது. அதை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் போதும், மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்வாள் என்றார் டாக்டரம்மா. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில், ஆயுள் முழுக்க.

"கொடுக்காம விட்டா?" என்று என் மகன் சீனு கேட்டான்.

டாக்டரம்மா மெல்லிய குரலில் சொன்னார். உயரம் நின்றுவிடும். நாக்கு தடிக்கும். பேச்சு தாமதமாகும். தோல் வறண்டு போகும். புத்தி மந்தப்படும். போன மூளை வளர்ச்சி பிறகு மாத்திரை கொடுத்தாலும் திரும்பாது.

சீனுவும் பத்மாவும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. டாக்டரம்மா சொன்ன அந்த உருவத்தை எனக்கு முன்பே தெரியும்.

கோமளம் அத்தை

எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் அப்பாவின் தங்கை கோமளத்துக்கு முப்பது வயது. உயரத்தில் அவளைவிட நான் ஒரு சாண் கூட. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். லீவு விட்டால் நாங்கள் பையன்கள் நாலைந்து பேர் அங்கே போய் இறங்குவோம்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. "அத்தை, உன் பேர் என்ன?" என்று கேட்போம். அவள் நாக்கைத் திரட்டிக்கொண்டு 'கோ' என்று தொடங்குவாள். 'ளம்' என்று முடிப்பதற்குள் நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவோம். ஏழுக்குள் முடித்துவிட்டால் அத்தை ஜெயித்த மாதிரி. அவள் ஜெயித்ததே இல்லை. தோற்ற பிறகு எங்களைவிட அதிகமாகச் சிரிப்பாள். கோவிலிலிருந்து வந்த புளியோதரையில் தன் பங்கை எங்களுக்குத் தந்துவிடுவாள்.

அவளுக்கு என்ன குறை என்று யாரும் கேட்டதில்லை. 'அவள் அப்படித்தான்' என்பார்கள். நான் கல்லூரி முடிப்பதற்குள் அத்தை போய்விட்டாள்.

டாக்டரம்மா அறையில் உட்கார்ந்திருந்த அன்று எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றுதான். அத்தைக்கும் வேதாவுக்கும் நடுவே ஒரு மாத்திரைதான் இருந்தது. இது தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் நான். தெரிந்தும் செய்தேன் என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

காபி உணவில் சேர்த்தி இல்லை

இப்போது எங்கள் வீட்டு சாஸ்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலுகோட்டையிலிருந்து மைசூருக்கு வந்த குடும்பங்களில் இதை யாரும் எழுதிவைத்ததில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

ஏகாதசி உபவாசம் என்றால் ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. காபி போகலாம். அமாவாசைத் தர்ப்பணம் முடியும் வரை வெறும் வயிறு. காபி குடித்த வெறும் வயிறு. ரத்தப் பரிசோதனைக்கு ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னால், 'ஒண்ணும் சாப்பிடலை, காபி மட்டும்தான்' என்று கூசாமல் சொல்லி, அடுத்த நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் ஏழு பேர். அதில் நான் இரண்டு தடவை.

ஆகவே வெறும் வயிற்றில் மாத்திரை என்றால் எங்கள் அகராதியில் காபிக்கு அங்கே இடம் உண்டு.

இது நல்ல சமாதானம். ஆனால் முப்பது வருடம் நான் கற்பித்தது சாஸ்திரம் அல்ல, வேதியியல். மாத்திரைப் புட்டியோடு வந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் நான். பாலோ காபியோ கூடப் போனால் அந்த மருந்து குடலில் சரியாகச் சேராது என்று பத்மாவுக்கு விளக்கிச் சொன்னவனும் நானே. இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்துப் படம் போட்டுக் காட்டினேன். "அப்பா சொன்னா எவ்வளவு நன்னா புரியறது," என்றாள் அவள்.

ஆரம்பம்

பின் ஏன் கொடுத்தேன்?

சீனுவும் பத்மாவும் ஹெப்பாளில் ஒரே கம்பெனியில் வேலை. ஆறு நாற்பதுக்கு முனையில் கம்பெனி பஸ். ஆறு மணிக்கு பத்மா தன் கையாலேயே மாத்திரை கொடுப்பாள். விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு டப்பா கட்டுவது, தலை வாருவது, ஓடுவது. ஏழு மணிக்குப் பால், பிறகு இட்லி, எட்டு மணிக்குப் பள்ளி வேன் எல்லாம் என் பொறுப்பு. என் மனைவி போன பிறகு எனக்கென்று இருந்த உத்தியோகம் அதுதான்.

அந்த ஒரு மணி நேரமும் குழந்தை மாடியில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, நான் காபி ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நுரை எழும்பும்போது அவள் தலையும் எழும்பும்.

"தாத்தா, உனக்கு மாத்திரை இல்லையா?"

"இருக்கு. பிரஷருக்கு."

"நீ மட்டும் உடனே காபி குடிக்கறே?"

"அது வேற மாத்திரை."

"எனக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லு."

நியாயமான கோரிக்கை. அன்றைக்கு ஒரு வாய் கொடுத்தேன். மறுநாள் இரண்டு. அவள் அப்பா கண்டிப்பு, அம்மா கடிகாரம், டாக்டர் ஊசி. வீட்டில் ஒருவராவது நல்லவராக இருக்க வேண்டாமா? அந்த இடம் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்துகொண்டேன். இதுதான் காரணம். இதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

துளசி வேதாவின் யோசனை. ஒரு வாய் இரண்டு வாய் ஆனதும் வாசனையை மறைக்க வேண்டியிருந்தது. போகப் போக இரண்டு வாய் அரை டவராவும் ஆயிற்று. பத்மாவுக்கு அதில் ஒரே பூரிப்பு. "இந்தக் காலத்துக் குழந்தை, யாரும் சொல்லாம தினம் கார்த்தால துளசி சாப்பிடறா," என்று தன் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள். அந்த அம்மா தன் அக்காவிடம் சொன்னாள். ஒரு கல்யாணத்தில் யாரோ வேதாவின் கன்னத்தைத் தடவி, "இவதானா அந்தத் துளசிக் குழந்தை?" என்று கேட்டார்கள். வேதா கண்களைத் தாழ்த்தி நின்றாள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நகராத பென்சில் கோடு

சமையலறைக் கதவு நிலையில் வேதாவின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். அந்த வருடம் ஒரு கோட்டுக்கு மேல் அடுத்த கோடு விழவே இல்லை. அதே கோட்டின் மேல் மூன்று தடவை போட்டுப் போட்டு அது தடித்துவிட்டது.

பள்ளி வேனிலிருந்து தூங்கிக்கொண்டே இறங்கினாள். 'வகுப்பில் கவனம் இல்லை' என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவுகிறவள், ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தாள். ஒருநாள் நான் ஏதோ கேட்டேன். பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. என்னை அறியாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில், மருந்து போதாவிட்டால் ஏறும் எண் எல்லையைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த பரிசோதனையிலும் எண் இறங்கவில்லை.

"பத்மா, மாத்திரை தினமும் தர்றீங்கதானே?" என்றார்.

பத்மாவின் முகம் சிவந்தது. "ஒரு நாள் விட்டதில்லை டாக்டர். ஏழு மணி வரைக்கும் ஒண்ணும் தரதும் இல்லை. ஆத்துல இதோ எங்க மாமனார் இருக்கார். கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒரு நிமிஷம் முன்னாடி பால் தர மாட்டார்."

அது முழுக்க உண்மை. பாலை நான் ஒரு நிமிடம் கூட முன்னால் தந்ததில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோப்பா. நான் ஒரு நாளாவது மறந்திருக்கேனா?"

"இல்லைம்மா. நீ மறந்ததே இல்லை."

அதுவும் உண்மைதான்.

டாக்டரம்மா யோசித்தார். "எங்கேயோ ஓட்டை இருக்கு. அது தெரியாம இன்னும் மருந்தைக் கூட்டறதுக்கு எனக்கு இஷ்டம் இல்லை. சனிக்கிழமை வாங்க. இந்த மாதிரிக் குழந்தைகள் எப்படி இருக்காங்க, சந்தோஷமா இருக்காங்களான்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்றா. குழந்தைகிட்டத் தனியா பேசுவா. ஏதாவது தெரிஞ்சாலும் தெரியும்."

அன்று மாலை பத்மா சீனுவிடம் சொன்னதைக் கூடத்தில் இருந்தே கேட்டேன்.

"நான் வேலையை விட்டுடறேன். வாயைத் திறந்து பார்த்துட்டு நான் ஓடிடறேன். அவ நாக்குக்கு அடியில வெச்சுண்டு துப்பறாளோ என்னமோ. ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காராத அம்மா என்ன அம்மா? திங்கக்கிழமை லெட்டர் கொடுத்துடறேன்."

அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேதா வயிற்றில் இருக்கும்போது பரீட்சை எழுதித் தேறியவள்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதில், பேசாமல் காபியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் எனக்குள் இருந்த வேதியியல் வாத்தியார் விழித்துக்கொண்டார். மருந்தின் அளவு என் காபிக்கு ஏற்றபடி ஏறியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் காபியை நிறுத்தினால், கூட்டிய மருந்து முழுசாக உள்ளே போகும். குழந்தைக்குப் படபடப்பு வரும், தூக்கம் போகும். கோழைக்கு இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை மாடியில் வேதா டவராவை வாங்கவில்லை.

"தாத்தா, காபியாலயா?"

"சேச்சே," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள். காபி கொடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. அந்தச் 'சேச்சே'யை என்னால் மன்னிக்க முடியாது.

மூன்று முகங்கள்

சனிக்கிழமை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மேஜை. ஆராய்ச்சிப் பெண்ணின் பெயர் மாதேவி, கொள்ளேகால் பக்கம், வீட்டில் கொங்குத் தமிழ். எங்கள் தமிழைக் கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்மாவுக்குப் பெற்றோர் படிவம் ஒன்றைக் கொடுத்து எதிர்ப்பக்க பெஞ்சுக்கு அனுப்பினாள். நான் பின்னால் ஒரு நாற்காலியில், காது கேட்கும் தூரத்தில்.

"இங்க பாரு கண்ணு, மூணு மூஞ்சி இருக்குது. சிரிக்கிற மூஞ்சின்னா அந்தக் கஷ்டம் எப்பவுமே இல்லைன்னு அர்த்தம். சும்மா இருக்கிற மூஞ்சின்னா சில சமயம். அழுவுற மூஞ்சின்னா எப்பவும். நான் கேக்கறதுக்கு ஒண்ணத் தொடோணும். செரியா? ஓடறது உனக்குக் கஷ்டமா இருக்குதா?"

"யார் துரத்தறா?"

"யாரும் துரத்துலீன்னு வெச்சுக்கோ."

"அப்ப எதுக்கு ஓடணும்?"

மாதேவி சிரித்துக்கொண்டே நடு முகத்தைக் காட்டினாள். வேதா பெரிய மனசு பண்ணி அதைத் தொட்டாள்.

"மத்த புள்ளைங்க உன்னையக் கிண்டல் பண்றாங்களா?"

"சில சமயம். ஆனா நான் அவாளை எப்பவும் பண்றேன். அதுக்கு மூஞ்சி இருக்கா?"

"அதுக்கு இல்லீங்களே அம்மணி. சரி, உனக்கு உடம்பு செரியில்லைன்னு வருத்தமா இருக்குதா?"

"எனக்கு உடம்பு சரியாத்தான் இருக்கு. அம்மாவுக்குத்தான் வருத்தம். அம்மாவுக்கு எதைத் தொடணும்?"

மாதேவி பத்மா இருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைசிக் கேள்விக்கு வந்தாள். "மாத்திரை சாப்பிடறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குதா கண்ணு?"

வேதா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கல்யாணத்தில் கண்களைத் தாழ்த்தினாளே, அதே மாதிரி தாழ்த்திக்கொண்டாள்.

"நான் மாத்திரையை முழுங்கறதில்லை. நாக்குக்கு அடியில வெச்சுண்டு, அம்மா அந்தண்டை போனதும் மாடியில துளசித் தொட்டியில துப்பிடுவேன். தினமும்." அழும் முகத்தைத் தொட்டாள். "எழுதிக்கோங்கோ."

அவ்வளவு விவரமான பொய். எங்கள் துளசி செழிப்பாக இருப்பதற்குக் காரணமே அதுதான் என்று நம்பத் தோன்றும். எட்டு வயசுக் குழந்தை என் குற்றத்தை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு, அதற்கு ரசீது மாதிரி ஒரு முகத்தையும் தொட்டுக் கொடுத்துவிட்டாள். கோமளம் அத்தை புளியோதரையை நீட்டும்போதும் இப்படித்தான் நீட்டுவாள்.

நான் எழுந்தேன். "மாதேவி, அதை அடிச்சுடும்மா. அவ பொய் சொல்றா."

"தாத்தா, சும்னிரு!" என்று வேதா கன்னடத்தில் என் வாயை அடைக்கப் பார்த்தாள்.

"மாத்திரையை அவ ஒழுங்கா முழுங்கறா. அதுக்கு மேல நான் காபி கொடுக்கறேன். தினமும். அரை டவரா."

மாதேவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காபிங்களா? புள்ளைக்குங்களா? ஏனுங் தாத்தா, எங்கம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்க. அவங்களுக்கும் இதே மாத்திரைதான். முழுங்கி ஒரு மணி நேரம் செண்டுதான் காபிய வாயில வெப்பாங்க."

"தெரியும்மா. எனக்கும் தெரியும்."

"எங்கிட்டச் சொன்னதை நான் எழுதிக்குவேனுங்க. ஆனா டாக்டரம்மாகிட்டயும் அந்த அக்காகிட்டயும் நீங்கதான் சொல்லோணும்."

அப்போ துளசி?

டாக்டரம்மாவின் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. முதல் வாயிலிருந்து அரை டவரா வரை சொன்னேன். 'சேச்சே'யையும் சொன்னேன்.

"ஏனு மேஷ்ட்ரே!" என்றார் டாக்டரம்மா. வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு மேல் அவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசி வாக்கியம் மட்டும்: "படிக்காதவர் செய்திருந்தால் சொல்லிக் கொடுப்பேன். உங்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க?"

மருந்தைப் பழைய அளவுக்கே இறக்கினார். காபி அறவே கூடாது. சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். சின்ன வயதில் தப்பாமல் மருந்து போயிருப்பதால் மூளைக்கு நிரந்தரமான கெடுதல் இராது என்றும், உயரம் மறுபடி ஏறத் தொடங்கும் என்றும் சொன்னார். இதை அவர் பத்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைப் பார்த்து அல்ல.

பத்மா கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்போ துளசி?" என்றாள்.

நான் தலையைக் குனிந்தேன். வேதாவும் குனிந்தாள்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பத்மா சீனுவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "திங்கக்கிழமை நான் ஆபீஸ் போறேன். ஆமாம், வேலைக்குத்தான். ஏன்னு உங்கப்பாவைக் கேளுங்கோ." பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாலைக் காபி மட்டும் மேஜைக்கு வந்தது. 'நங்' என்று வைக்கும் சத்தத்தோடு.

வேதா பேசினாள். அன்று மாலையே மாடிக்கு வந்தாள். மகா கோபம்.

"ஏன் சொன்னே? நான்தான் சொல்லிட்டேனே!"

"நீ சொன்னது பொய்."

"நான் குழந்தை தாத்தா. என்னைத் திட்டிட்டு விட்டுடுவா. உன்னை விட மாட்டா."

சரியாகத்தான் சொன்னாள்.

ஏழு மணி வரை

அதன் பிறகு ஏழு மணிக்கு முன் நானும் காபி தொடுவதில்லை. பத்மாவின் உத்தரவு இல்லை, வேதாவின் உத்தரவு. எனக்கும் அவளுக்கும் ஒரே கடிகாரம். ஆறு மணிக்கு அவள் மாத்திரை, என் மாத்திரை. பிறகு இருவரும் மாடியில் எதிரெதிரே. ஆறு நாற்பதுக்கு மேல் எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். அவள் எண்ணுவாள், உரக்க. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்குள் நிறுத்தினால் நான் ஜெயித்த மாதிரி. கோமளம் அத்தையைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படி இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. அதற்கடுத்ததில் எல்லைக்குள் வந்தது. கதவு நிலையில் தடித்த கோட்டுக்கு மேலே இப்போது நாலு மெல்லிய கோடுகள். படிகளை இரண்டு இரண்டாகத் தாவுகிறாள். டீச்சர் இப்போது டைரியில் எழுதுவது வேறு: 'வகுப்பில் அதிகம் பேசுகிறாள்.' அந்தப் பக்கத்தைப் பத்மா இரண்டு தடவை படித்தாள்.

மாதேவியின் படிவம் வேதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாதம் ஒருமுறை எனக்கும் ஒன்று தயாராகிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுவாள். தமிழ் எழுத்து இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை.

"ஒரு மணி நேரம் காபி இல்லாமல் இருந்தால் கோபம் வருகிறதா? மற்ற தாத்தாக்கள் உன்னைக் கிண்டல் செய்கிறார்களா? ஓடுவது கஷ்டமா? (யாரும் துரத்தவில்லை என்று வைத்துக்கொள்.)"

நான் தொடத் தொட அவள் குறித்துக்கொள்வாள். கீழே ஒரு கோடு கிழித்து, 'வீட்டுக்காரர்களுக்கு' என்று ஒரே ஒரு கேள்வி இருக்கும்.

"இவரை நம்பலாமா?"

சிரிக்கும் முகம் என்றால் எப்போதும் நம்பலாம். நடு முகம் சில சமயம். அழும் முகம் ஒருபோதும் கூடாது. அதற்கு பத்மாதான் பதில் போட வேண்டும். முதல் மாதம் அவள் யோசிக்காமல் அழும் முகத்தில் குறி போட்டாள். இரண்டாம் மாதம் நடு முகத்துக்கு வந்தாள். அங்கேயே இருக்கிறாள்.

இந்த மாதப் படிவம் நேற்று வந்தது. அலுவலகப் பையைத் தோளில் மாட்டியபடியே பத்மா பென்சிலை எடுத்தாள். அது சிரிக்கும் முகத்துக்கு மேலே போய் நின்றது. வேதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும்தான். பென்சில் மெல்ல நகர்ந்து நடு முகத்தில் இறங்கியது.

"ஏம்மா?" என்று வேதா கேட்டாள்.

"துளசி," என்று சொல்லிவிட்டு பத்மா பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.